மேற்கோள் கணக்கும் மண்ணெண்ணெய் விளக்கும்

1990களின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் யானை விலை, குதிரை விலை. ஒரு ஜாம் போத்தல், அதன் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு எண்ணெய், ஒரு திரி. 'சிக்கன விளக்கு' என்று ஊரார் பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தது இப்படிப்பட்ட வெளிச்சத்தில்தான்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர் சுரேஷ் கனகராஜா. 1994ல் நியூயார்க் போனார். பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மனிதர்கள் மொழியை எப்படிக் கற்கிறார்கள், எப்படிக் கையாளுகிறார்கள், அதை வைத்து யார் யாரை ஆளுகிறார்கள் என்று வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் நேரில் போய்ப் பார்க்கும் துறை பயன்பாட்டு மொழியியல். அந்தத் துறையில் உலக அளவில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர்களில் அவரும் ஒருவர்.

அதென்ன மேற்கோள் கணக்கு? ஒருவரின் கட்டுரையை இன்னொருவர் தம் கட்டுரையில் சுட்டினால் அது ஒரு மேற்கோள். யார் யாரைச் சுட்டினார்கள் என்று திரட்டிப் பெரிய அளவில் அட்டவணை போட்டவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட், ஆண்டு 1964. ஒரு கருத்து எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடுவதற்கான கருவி அது. நாளடைவில் ஆளை எடைபோடும் தராசாகிவிட்டது. 2005ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 'எச் இன்டெக்ஸ்' என்ற எண்ணைக் கொண்டுவந்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது சுட்டப்பட்டிருந்தால் அவர் எண் 20. ஒரே கட்டுரை 5,000 முறை சுட்டப்பட்டு, மற்றதை யாரும் சீண்டாமல் விட்டிருந்தால் அவர் எண் வெறும் 1! வேலையும் பதவி உயர்வும் ஆய்வு நிதியும் இந்த எண்ணைப் பார்த்து நகர்கிற இடங்கள் ஏராளம்.

கனகராஜாவின் பெயரைப் பரவலாக்கிய கட்டுரை 1993ல் 'டெசோல் குவார்ட்டர்லி' என்ற அமெரிக்க ஆய்விதழில் வந்தது. விஷயம், யாழ்ப்பாணத்தில் அவரிடம் ஆங்கிலம் படித்த 22 முதலாண்டு மாணவர்கள். பாடநூல் 'அமெரிக்கன் கெர்னல் லெசன்ஸ்'. புத்தகத்துக்குள் அமெரிக்க வாழ்க்கை, வெளியே போர். ஏன் ஆங்கிலம் படிக்கிறீர்கள் என்று கேட்டால் வேலைக்கு, மதிப்புக்கு என்று பதில் வந்தது. மாணவர்களின் புத்தகங்களை வாங்கி ஓரங்களைப் பார்த்தபோதோ வேறு கதை. சினிமா, காதல், போராட்டம் எல்லாம் கிறுக்கல்களாகக் கிடந்தன. வாயால் சொல்லாததைப் பேனா சொல்லியிருந்தது. அந்தக் கிறுக்கல்களை ஆய்வுச் சான்றாக எடுத்துக்கொண்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். ஆங்கிலத்தை அப்படியே விழுங்கவும் வேண்டாம், துப்பவும் வேண்டாம், நம் வசத்துக்கு வளைக்கலாம் என்ற வாதத்தை 1999ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட நூலில் விரித்தார். பின்னாளில் அதே டெசோல் குவார்ட்டர்லிக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

எண்ணில் வருவது இதெல்லாம். வராததையும் அவரே எழுதினார்.

1996ல் 'ரிட்டன் கம்யூனிகேஷன்' இதழில் ஒரு கட்டுரை. ஆய்விதழ்கள் கேட்பது நல்ல சிந்தனையை மட்டுமா? நல்ல தாளில் பிழையில்லாமல் தட்டச்சு செய்த பிரதி வேண்டும். ஒன்றல்ல, பல படிகள் வேண்டும். அண்மையில் வந்த ஆய்வுகளையெல்லாம் படித்துச் சுட்டியிருக்க வேண்டும். திருத்தம் கேட்டால் கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். தாளுக்கே தட்டுப்பாடான ஊரில், நூலகத்துக்குப் புது இதழ் வராத ஊரில், கடிதம் எப்போது போய்ச் சேரும் என்று தெரியாத ஊரில் இதில் எது நடக்கும்? கருத்து தோற்கும் முன்பே காகிதம் தோற்றுவிடுகிறது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். 2002ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட நூலில் இதையே விரிவாக எழுதினார்.

1993 கட்டுரையைத் தவிர மற்றவையெல்லாம் அமெரிக்கா போன பிறகுதான் வெளிவந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. அவருடன் பணியாற்றி, ஊரிலேயே தங்கிவிட்டவர்களுக்கும் அறிவு குறைவில்லை. அங்கே அறிவு பெரும்பாலும் பேச்சில் புழங்கியது. கருத்தரங்கில், மரத்தடியில், தேநீர்க் கோப்பைக்கு முன்னால். தமிழில் எழுதினாலும் இதே கதிதான். உலக அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில இதழ்களையே எண்ணுகின்றன. ஒரு தமிழ் ஆய்விதழ்க் கட்டுரையை நூறு பேர் படித்துத் தமிழிலேயே விவாதித்தாலும் அந்த ஏட்டில் அது பூஜ்யம்.

காகிதம் பற்றிய அந்த 1996 கட்டுரையை இன்று இணையத்தில் தேடினால் நொடியில் அகப்படுகிறது. முழுவதும் படிக்க வேண்டுமானால் நூலகத்துக்குச் சந்தா இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிப்பகம் பணம் கேட்கிறது.