காந்தமானிக்குத் தென்படாத சுவர்

பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது உறைகிணறுகளும் செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. செங்கல்பட்டு வட்டார வயல்களுக்கடியில் இத்தகையவை வேறெங்கே உள்ளன என்பதை மண்வெட்டி படாமலே மதிப்பிட உதவுவது காந்த அளவாய்வு. களிமண்ணிலுள்ள மேக்னடைட் என்னும் இரும்புத் தாது, 580 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி ஆறும்போது அக்காலப் புவிகாந்தத்தின் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது; ஆகவே சுட்ட இடத்திலேயே கிடக்கும் சூளை தெளிவாகத் தெரிய, சுட்டபின் கொண்டுவந்து அடுக்கிய உறைகளும் செங்கற்களும் திசைக்கொன்றான காந்தத்தால் ஒன்றையொன்று மங்கச் செய்கின்றன.

1958இல் மார்ட்டின் எய்ட்கென் ரோமானியச் சூளைகளைக் காந்தமானியால் கண்டறிந்த இங்கிலாந்தில், புவிகாந்தப்புலம் 65 பாகைக்கு மேற்பட்ட சரிவில் மண்ணுள் இறங்குவதால், புதைபொருளின் தலைக்குமேலேயே அளவு உயர்கிறது. புலம் கிடைமட்டமாக அமையும் காந்த நடுக்கோடோ தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. மாமல்லபுரத்தில் சரிவு 20 பாகைக்கும் குறைவு. இதனால் இங்கே மொத்தப் புலத்தை அளக்கும் கருவியில், பொருளின் மேலும் அதன் வடபுறத்திலும் அளவு தாழ்ந்து, தென்புறத்தில் உயர்கிறது. இதனினும் வியப்பானது, கிழக்கு மேற்காக ஓடும் சுவர் நன்கு பதிய, வடக்கு தெற்காக ஓடும் சுவர் தன் இரு முனைகளைத் தவிர ஏறத்தாழ மறைந்துபோவதாகும். நீரோட்டத்தின் போக்கிலேயே கிடக்கும் மூங்கில், குறுக்கே கிடப்பதைப்போல் நீரைக் கலைப்பதில்லை அல்லவா? ஆழிப்பேரலைக்குப்பின் 2005இல் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் அகழப்பட்ட செங்கல் முருகன் கோயில் வடக்கு நோக்கியது. அதன் பக்கச் சுவர்கள் இந்தக் கருவிக்கு எளிதில் அகப்படாத திசையிலேயே ஓடுகின்றன. வெறுமையான வரைபடத்தைக் கொண்டு நிலத்தடியில் ஒன்றுமில்லை என்று தீர்ப்பளிப்பது இம்மண்ணில் பெரும்பிழை.

இவ்வட்டாரக் குன்றுகளின் சார்னோக்கைட் பாறையிலும் மேக்னடைட் உண்டாதலால், மண்ணில் புதைந்த இயற்கைப் பாறையும் சூளைபோல் தோன்றி மயக்கலாம். சானூரில் உள்ளவை போன்ற பெருங்கற்காலக் கல்வட்டங்களின் அருகே இம்மயக்கத்துக்கு இடம் மிகுதி.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று வகுக்கும், தொல்சின்னச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள வயல் வீட்டுமனையாகுமுன் அளந்து பார்க்கக் கோருவதில்லை. இது வருந்தத்தக்க குறை. நாற்பதாயிரம் நானோடெஸ்லாவை ஒட்டிய புவிப்புலத்தில் சில நானோடெஸ்லா வேறுபாட்டைத் தேடும் ஆய்வை, கிழக்குக் கடற்கரைச் சாலையோர மனைகளின் இரும்பு வேலியும் கட்டுமானக் கம்பியும் மூழ்கடித்துவிடும். ஆதலால் அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையில், நிலம் விளைநிலமாய் இருக்கையிலேயே இவ்வாய்வு நடந்தாக வேண்டும்.