ஸ்டென்டில் ஏற்றப்படும் மருந்தும் நாம் விழுங்கும் மாத்திரையும்

இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு வீடு திரும்புவோரின் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அடைப்பைத்தான் நீக்கிவிட்டீர்களே, இன்னும் மாத்திரை எதற்கு?" ஸ்டென்டில் மருந்து ஏற்றப்படும் முறையை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

அடைபட்ட தமனியைப் பலூன் கொண்டு விரிக்கும் சிகிச்சை 1977-இல் சூரிச் நகரில் தொடங்கியது. இந்தியாவில் அதனை வேரூன்றச் செய்தவர் சென்னையில் பணியாற்றிய மருத்துவர் மாத்யூ சாமுவேல் களரிக்கல். ஆனால் பலூனால் மட்டும் விரித்த இடம், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களிலேயே மீண்டும் சுருங்கியது. உலோகக் கம்பிவலையாகிய ஸ்டென்ட் வந்தபின் இது குறைந்தது. எனினும் முற்றிலும் நீங்கவில்லை. காயம்பட்ட தமனிச் சுவரின் தசைச் செல்கள் மிகுதியாகப் பெருகி, கம்பிகளின் இடைவெளி வழியே உள்ளே வளர்ந்ததே காரணம்.

அவ்வளர்ச்சியைத் தடுக்கும் சிரோலிமஸ் என்னும் மருந்து, 1964-இல் ஈஸ்டர் தீவில் திரட்டிய மண்ணிலிருந்த நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்த சுரேந்திரநாத் சேகலின் குழு கனடாவில் அதனைப் பிரித்தெடுத்தது. அம்மருந்து பூசிய ஸ்டென்ட், 1999 இறுதியில் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் முதன்முறையாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

இக்கால ஸ்டென்டின் கம்பி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. மருந்தையும், அதனைப் பிடித்துவைக்கும் பாலிமரையும் எளிதில் ஆவியாகும் கரைப்பானில் கரைத்து, சுழலும் ஸ்டென்டின்மீது நுண்திவலைகளாகத் தெளிப்பர். கரைப்பான் ஆவியானதும் சில மைக்ரான் தடிப்புள்ள படலம் எஞ்சும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தெளிப்பதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, ஏறிய மருந்தின் அளவைக் கணக்கிடுவர். படலம் தடித்தால் ஸ்டென்ட் விரியும்போது விரிசல் காணும். மெலிந்தால் மருந்து போதாது.

ஒரு ஸ்டென்டில் ஏறும் மருந்து பொதுவாக ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் இதே மருந்தை நாள்தோறும் மில்லிகிராம் கணக்கில் உட்கொள்வதுண்டு. தேவைப்படும் இடத்திலேயே வைக்கப்படுவதால் இங்கே இவ்வளவு சிறிய அளவே போதுகிறது. அதில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலும், எஞ்சியது அடுத்த சில மாதங்களிலும் மெல்லக் கசிந்து தமனிச் சுவரில் சேர்கிறது.

இந்நன்மையோடு ஓர் ஆபத்தும் வருகிறது. தசைச் செல்களைத் தடுக்கும் மருந்து, கம்பிகளின்மேல் படர்ந்து மூட வேண்டிய மெல்லிய உட்படலத்தையும் தாமதப்படுத்துகிறது. அது மூடும்வரை இரத்தம் கம்பியைத் தொட்டபடியே ஓடும். அங்கே இரத்தம் உறைந்தால் தமனி திடீரென முழுவதும் அடைபட்டு மாரடைப்பு ஏற்படும், உயிரும் போகலாம். அதனைத் தடுக்கவே ஆஸ்பிரினோடு, குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரிலார் தரப்படுகிறது. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பெற்றவர் இரண்டையும் பொதுவாக 12 மாதங்களும், மாரடைப்பின்றிப் பெற்றவர் 6 மாதங்களும் உட்கொள்ள வேண்டும். இரத்தக்கசிவு அபாயம் உள்ளோருக்கு மருத்துவர் இக்காலத்தைக் குறைக்கலாம். அதன்பின் ஒரு மாத்திரை தொடரும்.

2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டின் உச்சவிலை, வரி நீங்கலாக, 29,600 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் உழைக்கும் குடும்பங்களுக்கும் இச்சிகிச்சை எட்டக்கூடியதாயிற்று. அதன் பயன் நிலைக்க வேண்டுமானால் வீட்டில் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

பல் பிடுங்குவதற்கோ சிறு அறுவைக்கோ செல்லுமுன், ஸ்டென்ட் பொருத்தியதைத் தெரிவியுங்கள். இதய மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வயிற்றெரிச்சலோ இரத்தக்கசிவோ தோன்றினால் உடனே எங்களிடம் வாருங்கள். இரவுப் பணிக்கும் வெளியூருக்கும் செல்லும்போது மாத்திரைகளையும் ஸ்டென்ட் அட்டையையும் உடன் வைத்திருங்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். மீண்டும் நெஞ்சுவலி வந்தால், வாயுப்பிடிப்பு எனக் கருதிக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.