ஊறல் வீட்டில் இருந்தாலும் ஊறல்தான்

பையில் ஊறவைத்து வீட்டிலேயே பீர் தயாரிக்கும் முறைக்குப் பெரிய தளவாடம் எதுவும் தேவையில்லை. 40 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் அண்டா, அதற்குள் அடங்கும் மெல்லிய வலைத்துணிப் பை, ஒரு வெப்பமானி, மூடியுள்ள வாளி. இவை போதும். ஆஸ்திரேலியாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய இந்த முறையில், 20 லிட்டர் பீருக்கு நாலரை முதல் 5 கிலோ வரை முளைகட்டி உலர்த்திய பார்லியை நொய்யாக உடைத்துப் பையில் போடுவார்கள். அண்டாவில் 65 முதல் 68 டிகிரி சூட்டில் இருக்கும் நீரில் அந்தப் பை ஒரு மணி நேரம் மூழ்கியிருக்கும். முளையில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். பையைத் தூக்கிப் பிழிந்தபின், மிஞ்சும் இனிப்புச் சாற்றில் ஹாப்ஸ் பூவைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிடுவார்கள். பிறகு ஈஸ்ட்.

ஈஸ்ட் விழும்வரை அது சத்துமாவுக் கஞ்சிக்கு உறவு. கேழ்வரகை முளைகட்டிக் கஞ்சி வைக்கும் வீடுகளில் நடப்பதும் ஏறக்குறைய இதே வேதியியல்தான். ஈஸ்ட் விழுந்தபின், தமிழ்நாட்டில், அது குற்றம்.

கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வீடு எடுத்துத் தங்குபவர்களில் பலர் தவறவிடும் இடம் இதுதான். மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், பை எல்லாம் இணையத்தில் வெளிப்படையாக விற்கப்படுகின்றன. கூரியரில் வீட்டு வாசலுக்கு வருகின்றன. விற்கிறார்கள் என்றால் செய்யவும் அனுமதி உண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 1978இல் நிறைவேறிய சட்டம் வீட்டுத் தேவைக்கு ஆண்டுக்கு இத்தனை காலன் என்று வரம்பு வைத்து வரியின்றி அனுமதித்தது. பிரிட்டனில் 1963 முதல் வீட்டுப் பீருக்கு உரிமம் தேவையில்லை. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கற்றவர்கள் அந்தச் சட்டத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்துகொள்கிறார்கள். அது செங்கல்பட்டு மாவட்டத்தில் செல்லாது.

இங்கே செல்வது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய சட்டம். இடையில் எத்தனையோ முறை தளர்ந்து இறுகினாலும் இன்றும் நடப்பில் உள்ளது. டாஸ்மாக் கடை தெருவுக்குத் தெரு இருக்கும்போது மதுவிலக்கு எங்கே இருக்கிறது என்று கேட்பது எளிது. கடையை நடத்துவது அரசு நிறுவனம். மற்ற எல்லோருக்கும் விலக்கு அப்படியே நிற்கிறது. இந்தச் சட்டப்படி ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் மதுதான். பீரும் கள்ளும் அதில் அடக்கம். தயாரிப்பு என்ற சொல், இயற்கையாகவோ செயற்கையாகவோ நொதிக்கவைத்து மது உண்டாக்கும் எந்தச் செயலையும் குறிக்கும். 4ஆம் பிரிவு தயாரிப்பதைத் தண்டிக்கிறது. தயாரிப்பதற்கான பாத்திரத்தையும் பொருளையும் வைத்திருப்பதைத் தண்டிக்கிறது. தன் பொறுப்பில் உள்ள இடத்தில் அதை நடக்க விடுவதையும் தண்டிக்கிறது.

'விற்பதற்கு இல்லை, குடிப்பதற்கு மட்டும்' என்ற விளக்கம் எடுபடாது. சொந்தத் தேவைக்கு என்று இந்தச் சட்டம் வீட்டுத் தயாரிப்புக்கு விலக்கு தரவில்லை. மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: அளவு குறைவு, விற்பனை இல்லை, நண்பர்களுக்கு மட்டும் என்பதெல்லாம் தண்டனையைத் தீர்மானிக்கும்போது பேசலாம், குற்றம் இல்லை என்று ஆக்காது. கள்ளக்குறிச்சியில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு 2024 ஜூன் 29 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் உச்சத் தண்டனையைப் 10 ஆண்டுக் கடுங்காவலாகவும் 5 லட்சம் ரூபாய் அபராதமாகவும் உயர்த்தியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. திருத்தம் சாராய வியாபாரிகளை மனத்தில் வைத்து வந்தது. ஆனால் பிரிவு எல்லோருக்கும் ஒன்றுதான்.

காவல்துறையின் பேச்சிலும் வேறுபாடு கிடையாது. நொதிக்கும் எதற்கும் அவர்கள் சொல்லும் பெயர் ஊறல். வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுக் காட்டில் புதைத்த பானையும் ஊறல். குளிர்சாதன அறையில் வெப்பமானி செருகிய 20 லிட்டர் வாளியும் ஊறல். மகஜரில் எழுதப்படுவது '20 லிட்டர் ஊறல்' என்றுதான் இருக்கும். ஹாப்ஸின் வகை அங்கே பதிவாகாது.

உரிமம் வாங்கிவிடலாமே என்ற கேள்வி அடுத்து வரும். பீர் ஆலைகளுக்கு 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு பீர் ஆலை விதிகள் உள்ளன, அவை ஆலைகளுக்கானவை. ஓட்டல்களும் மன்றங்களும் பெறும் எஃப்.எல்.3, எஃப்.எல்.2 உரிமங்கள் வாங்கிய மதுவைப் பரிமாறுவதற்கு மட்டுமே. வீட்டு அடுப்புக்குப் பொருந்தும் படிவம் இவற்றில் இல்லை. 'ஆயிரம் கொடுத்தால் அனுமதிச் சீட்டு வாங்கித் தருகிறேன்' என்று எந்தத் தரகர் சொன்னாலும் அது ஏமாற்று.

வாய்ச்சொல்லை நம்பாதவர் எழுத்தில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)இன் கீழ் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'பொதுத் தகவல் அலுவலர், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையர் அலுவலகம், எழிலகம், சேப்பாக்கம், சென்னை 600 005' என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்ப வேண்டும். 'வீட்டில் பீர் தயாரிக்கலாமா?' என்று கேட்டால் 'கருத்துக் கூற இயலாது' என்று ஒற்றை வரியில் திருப்பிவிடுவார்கள். 'தனிநபர் சொந்தத் தேவைக்கு மது தயாரிக்க அனுமதிக்கும் விதி, அரசாணை, விண்ணப்பப் படிவம் ஏதேனும் நடப்பில் இருந்தால் அதன் நகல் வேண்டும்' என்று ஆவணத்தைக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு மனு போக வேண்டும். மாவட்ட அளவில் இந்தப் பொருள் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள உதவி ஆணையர் (கலால்) பொறுப்பு. அங்கே நேரில் கேட்பவர்களுக்கு 'சென்னைக்குப் போங்க' என்பதே பதிலாகக் கிடைக்கலாம். ஆகவே கேள்வியை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியிட்ட முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவது நல்லது.

கற்றுக்கொள்ளும் ஆசை இருப்பவர் ஈஸ்ட்டுக்கு முந்தைய படிவரை செய்து பார்க்கலாம். அந்தச் சாற்றில் ஆல்கஹால் இல்லை. ஆனால் அதைக் கொதிக்கவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் குடித்து முடிக்க வேண்டும். இந்தக் கடற்கரையின் வெக்கையில் வெளியே வைத்த இனிப்புச் சாறு தானாகவே நொதிக்கும். பனையேறிகளுக்கு இது தெரிந்த கதை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். 1987 முதல் கள்ளுக்குத் தடை, பதநீருக்கு இல்லை. இரண்டுக்கும் இடையில் நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு. நொதித்தலையும் பார்த்தாக வேண்டும் என்பவர், உரிமத்தோடு மைக்ரோப்ரூவரி நடக்கும் பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ போகலாம். திரும்பும்போது பாட்டிலைக் காரில் கொண்டுவரக் கூடாது. மாநில எல்லையில் அது கடத்தல், காரும் போகும்.

வீட்டு உரிமையாளர்களின் கவனக்குறைவு தனி ரகம். ஆதார் நகலும் முன்பணமும் வாங்கியதோடு கடமை முடிந்தது என்று இருப்பவர்கள், வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'இந்த இடத்தில் மது தயாரிக்கவோ உரிமமின்றி விற்கவோ பரிமாறவோ கூடாது.' அண்டாவும் வாளியும் கண்ணில் பட்டால் வாய்மொழியாகக் கண்டித்துவிட்டு விடாமல் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். தெரிந்தே விட்டார் என்று கருதப்பட்டால் வழக்கில் அவர் பெயரும் சேரும். உரிமமின்றி மது அருந்தும் இடமாக நடத்தப்படும் கட்டடத்துக்குச் சீல் வைக்கவும் 2024 திருத்தம் வழி செய்திருக்கிறது.

சோதனை வந்துவிட்டால் ஊறலைக் கழிப்பறையில் கொட்டி ஓடுவதுதான் பலர் செய்யும் முதல் முட்டாள்தனம். பாத்திரம் இருக்கும், வாடை இருக்கும்; சாட்சியத்தை அழித்த குற்றமும் கூடும். பறிமுதல் மகஜரைப் படித்து, அளவு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் கைதுக்கான காரணத்தையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச உதவி கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இவை சட்டத்தின் ஆபத்துகள். உயிருக்கான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தானியத்தை நொதிக்கவைத்துச் செய்யும் பீரில் மெத்தனால் மிகச் சொற்பம். ஒழுங்காகச் செய்த வீட்டுப் பீர் கண்ணைக் குருடாக்காது. நொதித்தல் முடியுமுன் அடைத்த பாட்டில் வெடித்துக் கண்ணைக் குத்தலாம், அது வேறு. கண் போவதும் உயிர் போவதும் தொழிற்சாலை மெத்தனாலைச் சாராயம் என்று விற்கும் இடத்தில். 2023 மே மாத நடுவில் சித்தாமூர் அருகே பெருங்கரணையிலும், அதே கடற்கரைச் சாலையில் தெற்கே மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் 20க்கும் மேற்பட்டோர் இறந்தது அப்படித்தான். அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அப்போதைய காவல்துறைத் தலைவரே அறிவித்தார். மெத்தனாலை உரிமமின்றி வைத்திருக்கக் கூடாது என்று 1959ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. விதி 64 வயதை எட்டியபோதும் பீப்பாய் ஊருக்குள் வந்தது. அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதல் சாவுகளுக்கு அதிகாரிகள் வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவர்கள் அதே சரக்கைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மெத்தனாலை முகர்ந்தோ ருசித்தோ எரித்தோ பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குடித்தவுடன் சாதாரண போதைதான். உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றப் பல மணி நேரம் ஆகும். 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்முன் வெள்ளைப் புகை படர்ந்ததுபோன்ற மங்கல் வரும். அந்த இடைவெளியில்தான் உயிர்கள் போகின்றன. 'போதை தெளியட்டும்' என்று படுக்கவைக்கிறார்கள். மோரும் எலுமிச்சையும் கொடுக்கிறார்கள். போலீஸ் வருமே என்று விடியும்வரை காத்திருக்கிறார்கள். காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்து, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்று டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன குடித்தார், எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்; மிச்சமிருக்கும் பாக்கெட்டையோ பாட்டிலையோ கையோடு எடுத்துச்செல்ல வேண்டும். முறிவு மருந்தாக எத்தனால் தருவதுண்டு என்று எங்கோ படித்துவிட்டுக் கடைச்சரக்கை ஊற்றிக்கொடுப்பது வைத்தியமல்ல. அளந்து, ரத்தப் பரிசோதனை பார்த்து, மருத்துவர் தருவது அது. உடன் குடித்தவர்களுக்கு அறிகுறி ஒன்றும் தெரியாவிட்டாலும் அவர்களையும் அதே வண்டியில் ஏற்ற வேண்டும்.

இறப்பு நேர்ந்தால் பயந்துகொண்டு உடனே அடக்கம் செய்துவிடுவது குடும்பத்துக்கே கேடு. உடற்கூறாய்வு இல்லையென்றால் மெத்தனால் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லையென்றால் நிவாரணம் இல்லை. 2023இலும் 2024இலும் அரசு அறிவித்த 10 லட்சம் ரூபாய் போன்ற நிவாரணத்தைக் கேட்டுப் பெற நான்கு தாள்கள் கையில் இருந்தாக வேண்டும்: முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை, இறப்புச் சான்று, இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் பெறும் வாரிசுச் சான்று. இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அங்கேதான் பதிவாகும். சொந்த ஊர் அலுவலகத்தில் கேட்டு அலைய வேண்டாம். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமும் இல்லை.

ஊரில் சாராயப் பாக்கெட் விற்பது தெரிந்தால் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் 10581 எண்ணில் சொல்லலாம். அழைத்த தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுத்து எண்ணிட்ட ரசீது வாங்க வேண்டும். 'எங்களுக்குத் தகவலே வரவில்லை' என்று பின்னால் எவரும் சொல்ல முடியாதபடி செய்வது அந்த ரசீது ஒன்றுதான்.