பழுதான பாகமும் உழைத்தவர் கூலியும்

"ஹஜ்ரத்! ஆட்டோவுக்குப் புதிய கிளட்ச் பிளேட் வாங்கி மாட்டினேன். ஒரே வாரத்தில் கெட்டுவிட்டது. கடைக்காரர் வேறு தருகிறார்; மீண்டும் கழற்றி மாட்டும் கூலியை யார் கொடுப்பது?" என ஜும்ஆவுக்குப் பின் சகோதரர் ஒருவர் வினவினார். வண்டி நின்றால் அவர் வீட்டில் அடுப்பெரியாது. ஆதலின் இது சிறிய மஸ்அலா அன்று.

குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையைப் பிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்கின்றன. ஹிஜ்ரி 676ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் முட்டையையும் தேங்காயையும் உதாரணம் காட்டுகிறார்கள். உடைத்தாலன்றி அவற்றின் கேடு புலப்படாது. எனவே உடைத்தவர் திருப்பித் தரலாம். உடைத்ததற்கு ஈடு தரவேண்டுவதில்லை. பூட்டி ஓட்டினாலன்றிக் குறை தெரியாத பாகமும் இத்தகையதே. ஆயினும் குறை கண்டதும் தாமதித்தலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். தவறாக ஓட்டித் தாமே கெடுத்துவிட்டுப் பொருளின்மீது பழிபோடுவதும் மோசடியே!

இனி, கூலி. பிழையின்றி மாட்டிய மெக்கானிக்கின் கூலியைப் பிடித்தல் கூடாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். மறுமுறை உழைத்தால் மறுகூலியும் அவருடைய ஹக்கு. பாகத்தையும் அவரே வாங்கி, வேலையை முடித்துத் தருவதாக ஒப்பியிருந்தாலோ, இரண்டாம் கூலி கேட்பது முறையன்று.

வண்டிக்காரரே கடையில் வாங்கியிருந்தால்? விற்றவர் குறையை அறிந்தே மறைத்தாராயின், அல்லது கூலிக்கும் உத்தரவாதம் அளித்தாராயின், அக்கூலியை அவரே ஏற்பது நீதி. அவரும் அறியாதிருந்தால், விலையைத் திருப்பித் தருவது கடமை. கூலியிலும் பங்கேற்பது இஹ்ஸான் எனும் பேருபகாரம். முன்கூட்டியே பேசி ரசீதில் எழுதிக்கொண்டால் பூசலே எழாது. கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்திற்கு ஈடு கோர நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வழி செய்கிறது.

கடைவீதியில் தானியக் குவியலுள் கரம் நுழைத்து, அடியில் ஈரங்கண்ட அண்ணலார் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என வினவினார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். பளபளக்கும் அட்டைப்பெட்டிக்குள்ளும் அந்த ஈரம் இருக்கக்கூடும், வணிகப் பெருமக்களே!

பிறர் ஹக்கைப் பேணி வாழ அல்லாஹ் நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.