தேன்கூட்டைக் கொளுத்த வேண்டாம்



1949-ல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இராயபுரம் இராபின்சன் பூங்காவை நாம் அனைவரும் அறிவோம். துறைமுகமும் ஆலைகளும் கண்டெய்னர் லாரிகளும் சூழ்ந்த வடசென்னையில், பிள்ளைகள் ஓடியாட இத்தகைய பூங்காக்களே நமக்கு நிழல். அணில், கிளி, குக்குறுவான், தேனீ ஆகியவற்றுக்கும் அதுவே வீடு.

பூங்கா மரத்திலோ தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ பெரிய தேன்கூடு தெரிந்தால், பயத்தில் சிலர் பந்தம் கொளுத்திவிடுகிறார்கள். உயரத்தில் ஒற்றை அடையாகத் தொங்குவது பெரும்பாலும் மலைத்தேனீயின் கூடு. அது நிரந்தரமாகத் தங்குவதில்லை. பூக்காலம் முடிந்ததும் தானே இடம்பெயரும். கல்லெறிதல், புகை, நெருப்பு இவையே அதைக் கூட்டமாகக் கொட்ட வைக்கின்றன.

குர்ஆனில் தேனீயின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு: அந்நஹ்ல். மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டுபவற்றிலும் கூடு அமைக்கும்படி தேனீக்கு அல்லாஹ் உணர்த்தியதாக அதில் வருகிறது. தேனீயைக் கொல்ல நபி (ஸல்) அவர்கள் தடை செய்ததும், எறும்புப் புற்றை எரித்ததைக் கண்டித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன.

தேனீ இல்லாவிட்டால் வேம்பும் புங்கனும் நாவலும் பூத்தும் சரியாகக் காய்க்காது. பழம் குறைந்தால் பறவையும் குறையும். 2016 வர்தா புயலில் சென்னை இழந்த மரங்கள் ஏராளம். மிஞ்சியவற்றையாவது காப்போம்.

நாம் செய்யக்கூடியவை:

• கூட்டின் அருகே பிள்ளைகளை விடாதீர்கள். பாதையை ஒட்டித் தாழ்வாக இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லுங்கள். எரிக்காமல் அப்புறப்படுத்தும்படி கேளுங்கள்.

• கொட்டினால் கொடுக்கை உடனே சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம் வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

• நிகழ்ச்சி விளம்பரங்களை மரத்தில் ஆணியடித்து மாட்டாதீர்கள். நம் ஜமாஅத் விளம்பரமானாலும் சரி.

• மரத்தடியைச் சிமென்ட் போட்டு மூடாமல், நீர் இறங்க மண்ணை விட்டுவையுங்கள்.

• பட்ட கிளை ஆபத்தில்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். குக்குறுவான் பொந்து குடைவது அதில்தான்.

• கன்று நடுவதானால் உப்புக் காற்றைத் தாங்கும் பூவரசும் புன்னையும் நம் கரைக்கு ஏற்றவை.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்பது நபிமொழி. நட்டதைக் காப்பதும் அந்த நன்மையில் சேரும், இன்ஷா அல்லாஹ்.