பிறர் கையில் நம் குரல்

நம் சங்கத்து நண்பர்களில் பலருக்கு இன்று இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று படிப்பு, மற்றொன்று ஏதேனும் ஒரு சமூக ஊடகப் பக்கத்தைப் பேணுவது. ஒருவர் நாடகக் குழுவின் பக்கத்தைக் கவனிக்கிறார். மற்றொருவர் தமிழில் கணிதம் கற்பிக்கும் யூடியூப் சேனல் நடத்துகிறார். சங்கத்தின் இன்ஸ்டாகிராம் பக்கமோ ஆண்டுக்கு ஒருவர் தலையில் விழுகிறது. சென்ற ஆண்டு அது என் தலையில் விழுந்தது.

பகலெல்லாம் ஆய்வுக்கூடம், இரவெல்லாம் அளவீடுகளைத் தொகுக்கும் வேலை. இதற்கிடையே படம் தேடவும் எழுதவும் நேரம் ஏது? ஆகவே மாதம் 3,000 ரூபாய் ஊதியத்தில் ஓர் உதவியாளரை அமர்த்தினோம். அவர் திருநெல்வேலியில் இருக்கிறார். நாம் இந்த வடநாட்டுக் குளிரில் இருக்கிறோம். இவ்வாறு தொலைவிலிருந்தபடியே இணையத்தின் வழியாக வேலை செய்து தருபவரை ‘வெர்ச்சுவல் அசிஸ்டன்ட்’ என்கிறார்கள்; தமிழில் ‘மெய்நிகர் உதவியாளர்’ என்று எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டு இயந்திரம் என்று எண்ணிவிட வேண்டா. நம் உதவியாளர் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். நான் அவரை ‘அக்கா’ என்றே அழைக்கிறேன்.

சமூக ஊடக வேலையைப் பகுத்துப் பார்த்தால் ஐந்து கூறுகள் தெரியும். எதைச் சொல்வது என்று முடிவு செய்தல், அதை எழுதுதல், படமும் காணொளியும் அமைத்தல், குறித்த நேரத்தில் வெளியிடுதல், வருகிற கேள்விகளுக்கு விடை கூறுதல் ஆகியவை அவை. படம் அமைப்பதை முழுவதும் ஒப்படைக்கலாம். எழுதுவதையும் ஒப்படைக்கலாம், ஆனால் முன்பு எழுதியவற்றில் நல்லன நான்கைந்தை மாதிரியாகக் கொடுத்து, வெளிவருமுன் நாமே படித்துப் பார்க்க வேண்டும். ‘விழா எத்தனை மணிக்கு?’ என்று கேட்பவருக்கு உதவியாளரே விடை கூறலாம். மனக்குறையோடு எழுதுபவருக்கு நாம்தாம் எழுத வேண்டும். எதைச் சொல்வது என்ற முடிவை மட்டும் ஒருபோதும் ஒப்படைக்கலாகாது.

வெளியிடும் வேலையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதுதான் மிக எளியது என்று நானும் எண்ணியிருந்தேன். பதிவுகளை முன்கூட்டியே அமைத்து, நாளும் நேரமும் குறித்துவிட்டால், அவை தாமாகவே வெளிவரும். இதைவிட வசதி வேறென்ன?

பொங்கல் விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. அன்று காலை, நம் மெஸ்ஸில் பல ஆண்டுகள் சமைத்துப் போட்ட அண்ணாச்சி மாரடைப்பால் காலமானார். மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அதே ஆறு மணிக்குச் சங்கத்தின் பக்கத்தில் மேள ஒலியோடு ஒரு காணொளி வெளிவந்தது. ‘விருந்துக்குத் தயாரா?’ என்று அது கேட்டது. பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “அண்ணே, இது நம்ம சங்கம் போட்டதா?” என்று மட்டும் கேட்டான்.

உடனே நீக்க முயன்றேன், முடியவில்லை. கடவுச்சொல்லை அக்காவிடமே கொடுத்திருந்தேன். உள்ளே நுழைவதற்கான சரிபார்ப்பு எண்ணும் அவருடைய கைப்பேசிக்கே போகும்படி மாற்றியிருந்தேன். அவரோ பேருந்தில் போய்க்கொண்டிருந்தார், அழைப்பு கிடைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்த மேளம் முழங்கியது.

இரவு பேசியபோது எனக்குக் கோபம் இருந்தது. அவர் அமைதியாகச் சொன்னார்: “அங்க என்ன நடக்குன்னு எனக்கு யாரு தம்பி சொல்லுவா?” பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அந்த நாளுக்கு நேரே ‘சரி’ என்று எழுதியிருந்தவன் நானே.

அன்று கற்றவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சாவியைக் கொடுக்காதீர்கள். அனுமதியை மட்டும் கொடுங்கள். பேஸ்புக் பக்கத்திலும் யூடியூப் சேனலிலும், கடவுச்சொல்லைச் சொல்லாமலே இன்னொருவருக்கு இன்ன வேலைக்கு மட்டும் என்று உரிமை அளிக்க வழி உண்டு. இன்ஸ்டாகிராமின் தொழில்முறைக் கணக்கைப் பேஸ்புக் பக்கத்தோடு இணைத்தால் அதற்கும் இவ்வாறு செய்யலாம். சரிபார்ப்பு எண் நம் கைப்பேசிக்கே வர வேண்டும். வேலை முடிந்து அவர் விலகும் நாளில் அந்த உரிமையை நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, நாள்தோறும் காலை எட்டு மணிக்குள் ‘இன்று வெளியிடலாம்’ என்று நாம் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அச்செய்தி வராவிட்டால் அன்று எதுவும் வெளிவராது. அதற்குப் பின் ஏதேனும் நேர்ந்தால், நிறுத்துவதற்கு உரிமை உள்ள இருவர் இங்கேயே இருக்க வேண்டும். அடுப்பில் குக்கர் வைக்கும் நமக்கு இது புதிதன்று. அழுத்தம் அளவு மீறினால் ஆவியை வெளியேற்றிவிட அதில் ஒரு வால்வு இருக்கிறது. மனிதர் மறந்தாலும் தீங்கு நேராதபடி ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதே கருத்து.

மூன்றாவது, எழுதும் இயந்திரத்தைப் பயன்படுத்தினால் சொல்லிவிடும்படி உதவியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இத்தகைய கருவிகளின் பயன்பாடு பெருகிவிட்டது. அவை விரைவாக எழுதும். இல்லாத பெயரையும் தவறான ஆண்டையும் தயங்காமல் எழுதும். ஆகையால் ஒவ்வொரு பெயரையும் ஒவ்வோர் எண்ணையும் நாம் சரிபார்க்க வேண்டும்.

நான்காவது, உறுப்பினர்களின் தொலைபேசி எண்களை வேலைக்குத் தேவையில்லாமல் அனுப்பாதீர்கள். எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. தரவைக் கையாளும் வேலையை வேறொருவரிடம் விட்டாலும், அவரை அமர்த்தியவரே பொறுப்பு என்பது அச்சட்டத்தின் நெறிகளுள் ஒன்று.

சட்டம் சொல்லும் இந்த நெறியை நம் ஆய்வுக்கூடம் முன்பே சொல்லித் தந்திருக்கிறது. கரைசலை உதவியாளர் கலக்கித் தரலாம். குடுவையைக் கழுவித் தரலாம். குறிப்பேட்டில் கையொப்பம் இடுபவர் நாம். கணக்குத் தவறினால் கரைசலைக் கலக்கியவரைக் கை காட்ட முடியுமா?

அக்கா இன்றும் நம்மோடு வேலை செய்கிறார். இந்தப் பொங்கலுக்கு முதற்பதிவாக அண்ணாச்சியின் படத்தை வெளியிட்டோம். படத்தை அழகாக அமைத்துத் தந்தவர் அக்கா. அதன் கீழ் இருந்த நான்கு வரிகளை நான் எழுதினேன். எழுதியதை வெளியிடும் முன் அண்ணாச்சியின் மகனிடம் காட்டி, அவன் தலையசைத்த பிறகே காலைச் செய்தியை அனுப்பினேன்.