பழைய டிராக்டரைக் கொடுத்துப் புதியது வாங்கலாமா? தேய்மானக் கணக்கைப் பாருங்கள்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது பழமொழி. டிராக்டர் விஷயத்தில் இது தலைகீழ். கணக்குப் பார்க்காமல் டிராக்டர் வாங்குபவர்களுக்கும் மாற்றுபவர்களுக்கும்தான் உழக்கும் மிஞ்சுவதில்லை.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் ஆடியில் மானாவாரி நிலக்கடலை, அதை அடுத்துச் சம்பா, பிறகு மார்கழிப் பட்டத்து இறவைக் கடலை என்று உழவு வேலை சில வாரங்களிலேயே குவிந்துவிடுகிறது. அந்த நாட்களில் வாடகை டிராக்டருக்குக் காத்திருக்க வேண்டும். எனவே சொந்த டிராக்டர் மீது ஆசை வருவது இயற்கை. வாங்கிய டிராக்டர் ஐந்தாறு ஆண்டு ஓடியதும், "பழையதைக் கொடுங்கள், மேல்பணம் போட்டுப் புதியதை ஓட்டிச் செல்லுங்கள்" என்று விற்பனையாளர் அழைப்பார். அந்த மேல்பணம் மட்டும்தான் செலவா?

தேய்மானம் என்பது என்ன?

சந்தையில் மாடு பிடிக்கும்போது பல்லைப் பார்க்கிறோம். கடை சேர்ந்த மாட்டுக்கு விலை குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். டிராக்டருக்கும் வயதுண்டு. நிழலில் சும்மா நின்றாலும் அதன் விலை இறங்கும். இந்த இறக்கமே தேய்மானம். கையிலிருந்து பணமாகப் போகாததால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. விற்கும் நாளில்தான் தெரிகிறது.

வேளாண் பொறியாளர்கள் டிராக்டரின் ஆயுளைப் பொதுவாக 10 ஆண்டு அல்லது 10,000 மணி என்று வைத்துக்கொள்வார்கள். முடிவில் வாங்கிய விலையில் நூற்றுக்குப் பத்து மிஞ்சும் என்பது அவர்கள் கணக்கு. எளிமைக்காக ரூ. 8 லட்சம் விலையுள்ள டிராக்டரை எடுத்துக்கொள்வோம். ரூ. 80,000 மிஞ்சும், மீதி ரூ. 7,20,000 பத்து ஆண்டில் தேய்கிறது. ஆண்டுக்கு ரூ. 72,000. ஆண்டுக்கு 1,000 மணி ஓடினால் மணிக்கு ரூ. 72 தேய்மானம். 200 மணி மட்டுமே ஓடினால் மணிக்கு ரூ. 360. ஓடாத டிராக்டர்தான் அதிகச் செலவு வைக்கிறது.

எத்தனை மணி ஓடினால் கட்டுப்படியாகும்?

தேய்மானத்துடன் வட்டியையும் சேர்க்க வேண்டும். டிராக்டரில் முடங்கும் பணம் சராசரியாக ரூ. 4,40,000. நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு ரூ. 44,000. இன்சூரன்ஸ், கொட்டகை வகையில் ரூ. 10,000. ஆக, சாவியைத் திருகாமலே ஆண்டுக்கு ரூ. 1,26,000 செலவு.

மணி வாடகை ரூ. 1,000 என்றும், டீசல், டிரைவர் கூலி, ஆயில், பராமரிப்புக்கு மணிக்கு ரூ. 600 என்றும் கொண்டால், மணிக்கு ரூ. 400 மிஞ்சும். ரூ. 1,26,000-ஐ ஈடுகட்ட ஆண்டுக்கு 315 மணி ஓட வேண்டும். ஐந்து ஏக்கர்க்காரரின் சொந்தத் தேவை 40 மணி என்றால், மீதி 275 மணியை வெளி வேலையில் தேட வேண்டும். வாடகைப் பாக்கி அறுவடைக்குப் பிறகே கைக்கு வரும் என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

மாற்றினால் என்ன ஆகும்?

சந்தை விலை ஆண்டுதோறும் ஒரே அளவில் இறங்குவதில்லை. முதல் ஆண்டுகளில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் இறங்கும். ஐந்தாண்டு ஓடிய டிராக்டர் ரூ. 4 லட்சம் போகிறது, புதியது ரூ. 8 லட்சம், மேல்பணம் ரூ. 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

மாற்றினால் முதல் ஆண்டில்: புதியதன் விலை இறக்கம் ரூ. 1,20,000, மேல்பணத்துக்கு வட்டி ரூ. 40,000, கூடுதல் இன்சூரன்ஸ், பதிவுச் செலவு ரூ. 10,000. மொத்தம் ரூ. 1,70,000.

வைத்துக்கொண்டால்: பழையதன் விலை இறக்கம் ரூ. 40,000, இன்ஜின், கிளட்ச் வேலை, டயர் எல்லாம் சேர்ந்து ரூ. 80,000. மொத்தம் ரூ. 1,20,000.

பெரிய பழுது பார்த்த ஆண்டிலும் ரூ. 50,000 மிச்சம். பார்த்த வேலையோ பல ஆண்டு நிற்கும். இந்தக் கணக்கில் பழுதுச் செலவு மட்டும் ஆண்டுக்கு ரூ. 1,30,000-ஐத் தாண்டினால்தான் மாற்றுவது லாபம்.

ஆனால் பணம் மட்டும் கணக்கல்ல. விதைப்பு ஈரம் இருக்கும் நாளில் வண்டி அடிக்கடி படுத்துவிட்டாலும், உதிரிப் பாகம் கிடைக்காவிட்டாலும், மாற்றுவதே நல்லது.

வரி குறைந்ததும் விலை இறங்கியது

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரியில்லாத விலை ரூ. 7 லட்சம் என்றால் வாங்குபவருக்கு ரூ. 49,000 குறைவு. இது நல்ல செய்தியே. ஆனால் புதியதன் விலை இறங்கினால் பழையதைக் கேட்பவரும் குறைத்துத்தான் கேட்பார். டிராக்டர் டயர், உதிரிப் பாகங்களின் வரியும் அதே நாளில் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. எனவே பழுது பார்க்கும் செலவும் ஓரளவு இறங்கும்.

பேரம் பேசும்போது

பழையதைப் பற்றிச் சொல்லாமல் முதலில் புதியதன் ரொக்க விலையைக் கேளுங்கள். பழையதற்கு அதிக விலை தருவதாகச் சொல்லி, புதியதில் தள்ளுபடியைக் குறைப்பதும் உண்டு. மேல்பணம் எவ்வளவு என்ற ஒரே எண்ணைப் பல இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழையதை விற்றால் ஆர்.சி. பெயர் மாற்றம் முடியும்வரை விடாதீர்கள். 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு வேலை முடியாது. பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும்வரை விபத்து இழப்பீட்டுக்கு நீங்களே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வங்கிக் கடன் தீர்ந்திருந்தால் 35-ஆம் எண் படிவம் பெற்று ஈட்டுப் பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும்.

சிறு விவசாயிக்கு வேறு வழி

315 மணி வேலை கிடைக்காது என்று தோன்றினால் வாடகையே சிறந்தது. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் மணிக் கணக்கில் வாடகைக்குத் தருகிறது. 2018-ல் தொடங்கிய உழவன் செயலி மூலமும் பதிவு செய்யலாம். பட்டம் தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. நான்கைந்து பேர் அடுத்தடுத்த நிலங்களை ஒரே நாளில் உழ ஏற்பாடு செய்தால், வண்டி வந்து போகும் நேரமும் மிச்சமாகும்.

சொந்த டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மீட்டரில் ஓடிய மணி, டீசல், பழுதுச் செலவு, வந்த வாடகை ஆகிய நான்கையும் தேதியுடன் எழுதி வாருங்கள். ஓராண்டு முடிந்ததும் கூட்டிப் பார்த்தால், மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.